வீட்டு ஆள்

வியாழக்கிழமை மத்தியானம் கார்த்திகேசன் அளவு நாடாவோடு வந்து நின்றபோதே ஏதோ வில்லங்கம் என்று செல்லக்கண்ணுவுக்குத் தெரிந்துவிட்டது. அவன் அண்ணன், அவள் புருஷன் அப்பாசாமி செத்த நாலு வருஷத்தில் அவன் சும்மா எட்டிப் பார்த்ததே கிடையாது. வந்தால் நிலத்தில் ஒரு துண்டு விற்றிருப்பான், அல்லது விற்கப்போவான்.

"என்னா தம்பி, எதை அளக்குற?"

"ஒண்ணுமில்ல அண்ணி. இந்த வீட்டோட நீளம் எவ்வளவுன்னு பாக்குறேன்."

"இருபத்திரண்டு வருஷமா இதே நீளந்தான். வளரல."

அவன் சிரித்தான். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, மழை வருமா என்று கேட்பது போலச் சொன்னான்: "தீபாவளிக்குள்ள காலி பண்ணிடுங்க அண்ணி. சனிக்கெழமக்காரங்களுக்கு இன்னொரு குடும்பம் வருதாம். பத்தாவது வீடு வேணுமாம். இந்த எடத்தத்தான் கேக்குறாங்க."

"யாரு வீட்டை யாருக்குக் குடுக்குற நீ?"

"பேப்பர் என் பேருலதான இருக்கு."

"பேப்பர் ஒன் பேருல. காசு யாரு காசு? போட்டாதாங் துறைமுகக் கிடங்குல ஒங்கண்ணன் முதுகு ஒடிய மூட்டை தூக்கின காசு. ஒனக்குக் குடியுரிமை ரோஸ் அட்டை இருந்துச்சு, அவருக்கு இல்ல. அதனால ஒன் பேரைப் போட்டோம். நீ அவரு கையைப் புடிச்சு என்னா சொன்ன? அண்ணே, இது ஒன் நெலம், என் பேரு வெறும் பேருன்னு சொன்னியா இல்லியா?"

"அதெல்லாம் வாய்ப்பேச்சு அண்ணி. எங்கிட்ட இன்னொரு பேப்பரும் இருக்கு. நீங்க இங்க என்னோட வேலையாளா தங்கியிருக்கீங்கன்னு ஒம்பது பேரு கையெழுத்துப் போட்ட பேப்பர். வட்டார ஆபீசுல காட்டினா முடிஞ்சுது."

சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான். செல்லக்கண்ணு கையில் மாட்டுக்குப் போட வைத்திருந்த புல்கட்டோடு அப்படியே நின்றாள். வேலையாள். ஒன்பது பேர். எந்த ஒன்பது பேர்?

அந்த ஒன்பது பேர் யாரென்று யோசிக்க வெகுநேரம் ஆகவில்லை. அவள் வீட்டைச் சுற்றி ஒன்பது வீடுதான் இருந்தது.

பர்மாவில், யாங்கோனுக்கு வடக்கே மாவ்பி ஊர்க் கோடியில் அந்த ஒன்றரை ஏக்கர் முன்பெல்லாம் வெறும் புல்காடு. நடுவில் செல்லக்கண்ணுவின் மரவீடு, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, இரண்டு பசு. மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் அவர்கள் வந்தார்கள். வடமேற்கே, இந்திய எல்லையோரத் தமு பக்கத்துக் குக்கி இனத்து ஆட்கள். சண்டையில் ஊர் எரிந்து ஓடிவந்தவர்கள். வேறு யாராவது என்றால் யாங்கோன் வந்ததும் கிடைத்த வேலைக்கு ஆளுக்கொரு திசையில் போயிருப்பார்கள். இவர்கள் போகவில்லை. தாங்கள் யூதர்கள், எந்தக் காலத்திலோ வழி தவறிப்போன ஒரு கூட்டத்தின் பிள்ளைகள் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்கள் பாட்டன் காலத்தில் கிறிஸ்தவ சபையை விட்டு இதற்கு வந்தார்களாம். சனிக்கிழமை வண்டி ஏறக்கூடாது, அடுப்பு பற்றவைக்கக்கூடாது, போன் தொடக்கூடாது. அதனால் எல்லாரும் ஜெபக்கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில்தான் குடியிருக்க வேண்டும். கார்த்திகேசன் நிலம் தர, முதலில் தகரக் கூரை போட்டு ஜெபக்கூடம் கட்டினார்கள். அதற்குப் பிறகுதான் தங்களுக்கு வீடு. அந்த ஒரு விஷயத்தில் செல்லக்கண்ணுவுக்கு அவர்கள்மேல் மரியாதை இருந்தது. அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அவள் வாயில் நுழையவில்லை. சனிக்கிழமைக்காரர்கள் என்பாள். ஊரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டது.

பத்து ஆம்பிளைகள் சேர்ந்தால்தான் சில ஜெபங்களைச் சொல்ல முடியுமாம். இவர்கள் ஒன்பது பேர். மூன்று வருஷமாக ஒரு ஆள் குறை. பத்தாவது குடும்பம் மண்டலேயில் காத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கே இதெல்லாம் தெரியும். பால் வாங்க வருகிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

போன வருஷம் அந்த ஒன்றரை ஏக்கரைச் சுற்றி மூங்கில் கம்பு நட்டு, கம்பு உச்சியில் வெள்ளை நைலான் கயிறு கட்டினார்கள். செல்லக்கண்ணு வீடும் அதற்குள் வந்தது. கொடி கட்டுகிறார்கள், ஏதோ திருவிழா என்று நினைத்துக்கொண்டாள். யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிகாலை நெய்சோங் வழக்கம் போலக் கொட்டகைக்கு வந்து நின்றாள். முதுகில் எட்டு மாதக் குழந்தை. பால் கறக்கும்போது அவர்களில் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பாலை வாங்குவார்கள். முதல் நாள் செல்லக்கண்ணு சண்டைக்கே போய்விட்டாள், நான் தண்ணி கலப்பேன்னு நினைச்சியா என்று. தண்ணீர் இல்லை, பன்றி மாதிரி வேறு மிருகத்தின் பால் கலந்துவிடக்கூடாது, அதுதான் சட்டம் என்றாள் நெய்சோங். பன்னியப் புடிச்சுக் கறக்க எனக்கென்ன பைத்தியமா என்று செல்லக்கண்ணு கேட்க, இரண்டு பேரும் பசு மிரளும் அளவுக்குச் சிரித்தார்கள். அன்றிலிருந்து பழக்கம்.

இன்று சிரிப்பு இல்லை. செல்லக்கண்ணு செம்பைக் கீழே வைத்தாள். இருவரும் பேசிக்கொள்வது பர்மிய மொழியில்தான்.

"என்னைப் பத்தி உங்க ஆம்பளைங்க என்ன பேப்பர் எழுதினாங்க?"

நெய்சோங் முழித்தாள். "கயித்துப் பேப்பரா அக்கா?"

"என்ன கயிறு?"

நெய்சோங் மேலே ஓடும் வெள்ளைக் கயிற்றைக் காட்டினாள். சனிக்கிழமை வீட்டை விட்டு வெளியே எதையும் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடாது என்றாள். சாவி, குடை, கைக்குட்டை எதையுமே. குழந்தையைக்கூட. ஆனால் குடியிருப்பைச் சுற்றி இப்படி ஒரு கயிறு இருந்தால் உள்ளே இருக்கிற எல்லாம் ஒரே வீடு மாதிரி. தூக்கலாம். "இது கட்டுறதுக்கு முன்னாடி புள்ளைக்காரிங்க சனிக்கெழம வெளியவே வர முடியாது அக்கா. ஜெபத்த வீட்டுச் சுவத்துக்கு இந்தப் பக்கமிருந்து கேப்போம்."

"சரி. அதுக்கும் எனக்கும் என்ன?"

"கயித்துக்குள்ள நம்ம மதம் இல்லாதவங்க குடியிருந்தா, அவங்ககிட்ட அனுமதி வாங்கணும். வாடகை மாதிரி. ஒரு ரொட்டி குடுத்தாக்கூடப் போதும், ஆனா கேட்டு வாங்கணும். அந்த வீட்டுக்காரர் மனசார சரின்னு சொல்லணும். அவங்க முடியாதுன்னா நூறு கயிறு கட்டினாலும் அது வெறும் கயிறு."

"என்கிட்ட யாருமே கேக்கலியே."

"வீட்டுக்காரர் கார்த்திகேசன்கிட்ட கேட்டாங்க. நீங்க..." நெய்சோங்குக்கு முகம் சிவந்தது. "நீங்க அவரோட வேலையாள்னு எங்க சயா, ஜெப வாத்தியாரு சொன்னாரு. வேலையாளா இருந்தா எசமான்கிட்ட கேட்டாப் போதும்."

பசு காலை உதைத்தது. அரைச் செம்பு பால் தரையில் கொட்டியது. செல்லக்கண்ணு அதைப் பார்க்கவே இல்லை.

"வருஷக்கணக்கா என் பாலைக் குடிக்கிறீங்க. வேலையாளா நான்?"

அவர்கள் சயா தாங்பாய் ஜெபக்கூடத்துக் கூரையில் ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். தாடி வைத்த, மெலிந்த ஆள். எல்லைக்கு அந்தப் பக்கம் மோரே சந்தையில் தமிழர் கடைகளில் பல வருஷம் மூட்டை தூக்கியவன். அந்தச் சந்தைத் தமிழைச் செல்லக்கண்ணுவிடம் பேசிக் காட்டுவதில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு.

"எறங்குடா கீழ."

'டா' என்றதும் அவன் சுத்தியலை வைத்துவிட்டு மளமளவென்று இறங்கினான்.

"என்னா அக்கா? பால் இல்ல?"

"நான் யாரு?"

"பால் அக்கா."

"பேப்பர்ல என்னான்னு எழுதுன?"

தாங்பாய் தாடியைத் தடவினான். "கார்த்திகேசன் சொன்னாரு அக்கா. நான் கேட்டேன், அந்த அம்மா யாருன்னு. அவரு சொன்னாரு, அது நம்ம வீட்டு ஆளுதான்னு. ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவயும் வீட்டு ஆளு, வீட்டு ஆளுன்னாரு."

"அதுக்கு?"

"மோரேல நானும் ஆளுதான் அக்கா. கடை ஆளு. முதலாளி சொல்வாரு, டேய் நம்ம ஆளு வந்துட்டான், மூட்டையத் தூக்கச் சொல்லு. ஆளுன்னா கூலி ஆளு. வீட்டு ஆளுன்னா வீட்டுக் கூலி."

செல்லக்கண்ணு போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் கோழிகள் பறந்தன.

"அட படுபாவி! வீட்டு ஆளுன்னா சொந்தக்காரின்னு அர்த்தம்டா! ஒறவு! அவன் அண்ணன் பொண்டாட்டிடா நான்! தாலி கட்டி வந்தவ! ஒனக்குத் தெரிஞ்ச அரைத் தமிழ வெச்சு என்னக் கூலிக்காரி ஆக்கிட்டியேடா!"

தாங்பாயின் முகம் வெளுத்தது. அது நடிப்பு இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. "அக்கா, சத்தியமா தெரியாது. அந்தப் பேப்பர அவருக்குப் படிச்சுக் காட்டினேனே. அவரு ஒண்ணும் சொல்லலியே. ஒரு காப்பி குடுன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு."

"போவான். ஏன் போகமாட்டான்? இப்ப அத வெச்சுத்தான் என்னை வெளிய தள்றான். சரி, தெரியாம எழுதிட்ட. இப்பத் தெரிஞ்சு போச்சு. மாத்தி எழுது."

தாங்பாய் கீழே கிடந்த ஒரு வளைந்த ஆணியை எடுத்துப் பார்த்தான்.

"என்னடா ஆணியப் பாக்குற?"

"பெருநாள் வருது அக்கா. முடியட்டும். கார்த்திகேசன் கோவிச்சா எங்க ஒம்பது வீட்டுக்கும் பேப்பர் தரமாட்டாரு. பத்தாவது குடும்பம் கெளம்பிடுச்சு. எங்க வீட்ட எல்லாம் எரிச்சுட்டாங்க அக்கா. நாங்க எங்க போவோம்?"

"ஒன் வீட்ட எரிச்சவ நானா? எரிச்சவன் கிட்ட போய்க் கேக்க முடியல, பொம்பள ஒருத்தி தனியா இருக்கா, அவ வீட்ட எடுத்துக்கலாம். அப்படித்தான? ஒனக்கு சாமி வேற கேடு!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்து கார்த்திகேசனுக்குப் போன் போட்டாள். அவன் டீக்கடையில் இருந்தான், பின்னால் கிளாஸ் சத்தம் கேட்டது.

"நான் வேலைக்காரின்னு சொல்லவே இல்லியே அண்ணி," என்றான். "வீட்டு ஆளுன்னுதான் சொன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். அவங்க புரிஞ்சுக்கிட்டது அப்படின்னா நான் என்னா பண்றது?" அதற்கு மேல் அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாயங்காலம் புல் அறுக்கிற அரிவாளை எடுத்துக்கொண்டு கயிற்றடிக்குப் போனாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அவர்களில் ஒருவன் கயிறு அறுந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போவான். அவன் போகட்டும் என்று நின்றாள். போனான். அரிவாளை ஓங்கினாள்.

ஓங்கிய கை நின்றது. அறுத்தால் என்ன ஆகும்? கிழவி கிறுக்கு பிடித்துக் கயிற்றை அறுத்தாள் என்பார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வேறு கயிறு கட்டுவார்கள். வீட்டுக்காரர் முடியாதுன்னா நூறு கயிறு கட்டினாலும் அது வெறும் கயிறு. நெய்சோங் சொன்னது காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அரிவாளைக் கொண்டுபோய்க் கொட்டகையில் சொருகினாள்.

சனிக்கிழமை காலை குளித்து, அப்பாசாமி கடைசியாக வாங்கித் தந்த சேலையைக் கட்டினாள். நெற்றியில் திருநீறு பூசினாள். நேராக ஜெபக்கூடத்துக்கு நடந்தாள். உள்ளே ஆம்பிளைகள் வெள்ளைத் துண்டு போர்த்தி நின்றிருந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் பெண்கள். ஜெபம் முடியும்வரை வாசலில் நின்றாள். அந்த மட்டுக்கு மரியாதை கொடுத்தாள். முடிந்ததும் வாசலை மறித்துக்கொண்டு, எல்லாருக்கும் புரியட்டும் என்று பர்மிய மொழியில் பேசினாள்.

"இந்தக் கயித்துக்குள்ள இருக்கிற பழைய வீட்டுல இருபத்திரண்டு வருஷமா குடியிருக்கிறவ நான். என் பேரு செல்லக்கண்ணு. கார்த்திகேசன் இங்க ஒரு நாள்கூடப் படுத்து எழுந்தது கிடையாது. நான் அவனுக்குக் கூலியாள் இல்ல, அவன் அண்ணன் சம்சாரம். என்கிட்ட நீங்க யாரும் கேக்கல. நான் உங்களுக்கு அனுமதி குடுக்கல. இன்னைக்கும் குடுக்கல."

லெட்காம் என்ற மோட்டார் மெக்கானிக், நல்ல தடித்த ஆள், மெதுவாகத் தாங்பாய் பக்கம் திரும்பினான்.

"இது உனக்குத் தெரியுமா?"

தாங்பாய் உதட்டைக் கடித்தான். "எழுதினப்போ தெரியாது."

"எப்ப தெரியும்?"

"நேத்து காலையில."

"நேத்து காலையில தெரிஞ்சும், இன்னைக்கு எங்க எல்லாரையும் சாவியத் தூக்கிட்டு நடக்க விட்டியா?"

லெட்காம் சட்டைப் பையில் கைவிட்டு வீட்டுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைத்தான். கைக்குட்டையை வைத்தான். அடுத்தவனும் வைத்தான். பெண்கள் குடையைச் சுவர் ஓரம் சாய்த்தார்கள். மேசைமேல் சாவிகள் விழுகிற சத்தம் மட்டும். கடைசியில் நெய்சோங் முதுகுத் துணியை அவிழ்த்து, குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போகலியா?" என்று செல்லக்கண்ணு கேட்டாள்.

"எப்படிப் போறது? இவனுக்கு நடக்கத் தெரியாதே."

அப்போதுதான் செல்லக்கண்ணுவுக்கு முழுசாக விளங்கியது. வீடெல்லாம் பூட்டிக்கிடக்கிறது. சாவி மேசைமேல். அதை யாரும் தூக்கமாட்டார்கள். பொழுது சாயும்வரை ஒன்பது குடும்பமும் இந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான். இப்படிச் செய்வார்கள் என்று அவள் நினைக்கவில்லை. சண்டை போடுவார்கள், திட்டுவார்கள் என்றுதான் தயாராக வந்திருந்தாள்.

பதினோரு மணிக்கு மழை பிடித்தது. தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தையும் மீறிக் குழந்தை அழுவது அவள் வீடுவரை கேட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், கேட்டது. அடுப்பை மூட்டினாள், கேட்டது. "அழட்டும். நானா அழ வெச்சேன்?" என்று பசுவிடம் சொன்னாள். பிறகு கொல்லையில் பழுத்துத் தொங்கிய வாழைத்தாரில் ஒரு சீப்பை வெட்டி, நனைந்துகொண்டே போய் நெய்சோங் பக்கத்தில் பொத்தென்று வைத்தாள்.

"புள்ளைக்கு மசிச்சுக் குடு. என் அடுப்புல வெச்சது இல்ல, மரத்துல பழுத்தது. கோவம் ஆறிடுச்சுன்னு எவனும் நெனைக்க வேணாம்."

கடைசி வார்த்தையைத் தாங்பாயைப் பார்த்துச் சொன்னாள், தமிழில். அவன் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மழை விட்டு, பொழுது சாய்ந்து, சனிக்கிழமை முடிந்த அடையாளமாக மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் அவர்கள் வந்தார்கள். ஒன்பது ஆம்பிளைகள், பின்னால் பெண்கள். தாங்பாய் கையில் ஒரு ரொட்டி. லெட்காம் கையில் காகிதம். செல்லக்கண்ணு கதவைத் திறந்து நிலைப்படியிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அக்கா," என்று தொடங்கினான் தாங்பாய்.

"யாரு அக்கா? யாருகிட்ட எதுக்கு வந்திருக்கன்னு சரியாச் சொல்லு."

அவன் ரொட்டியை இரண்டு கையாலும் நீட்டினான். "வீட்டுக்காரம்மா. உங்க வீடு எங்க கயித்துக்குள்ள இருக்கு. எங்களுக்கு அனுமதி தரணும்னு கேக்க வந்திருக்கோம்."

"பழைய பேப்பர் எங்க?"

லெட்காம் அதை எடுத்து அவள் கண் முன்னால் நாலாகக் கிழித்தான். "காப்பி அவன்கிட்ட இருக்கு," என்றான். "திங்கக்கெழம நாங்க ஒம்பது பேரும் வட்டார ஆபீசுக்கு வர்றோம். எழுதினது தப்பு, இந்த அம்மா கூலியாள் இல்ல, வீட்டுக்காரின்னு சொல்றோம்."

"அவன் உங்களை வெளிய போகச் சொல்லுவான்."

"சொல்லட்டும். எங்ககிட்ட எந்தக் காலத்துல பேப்பர் இருந்துச்சு?"

"பத்தாவது வீடு?"

லெட்காம் கிழித்த துண்டுகளைக் கைக்குள் கசக்கினான். "ஒம்பது பேராவே இருக்கோம். கூலியாள்னு பொய் எழுதி, அந்த எடத்துல பத்தாவது ஆள நிறுத்தி ஜெபம் பண்ண முடியாது."

புதுக் காகிதத்தைத் தாங்பாய் பர்மிய மொழியில் சத்தமாகப் படித்தான். இந்த வீட்டில் குடியிருப்பவரும் இந்த வீட்டுக்கு உரியவருமான திருமதி செல்லக்கண்ணு, மனம் ஒப்பி, ஒரு ரொட்டி பெற்றுக்கொண்டு அனுமதி தருகிறார் என்று. கீழே ஒன்பது பேர் பேனா மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டார்கள். அவள் பேனாவை வாங்கினாள். தன் பெயரைத் தமிழில் எழுதினாள். பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் இன்னொரு வார்த்தையும் எழுதினாள்.

"இது என்னா அக்கா?" என்று தாங்பாய் எட்டிப் பார்த்தான்.

"வீட்டுக்காரி. ஒனக்குத்தான் தமிழ் தெரியுமே. எழுத்துக் கூட்டிப் படி."

ரொட்டியை வாங்கிக்கொண்டாள். "ஒரு வருஷந்தான். அடுத்த வருஷம் இதே வாசல்ல வந்து இதே மாதிரி நின்னு கேக்கணும். கேக்கலன்னா கயிறு வெறும் கயிறு. நெய்சோங், புள்ளையத் தூக்கிட்டுப் போ, பனி எறங்குது."

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினாள். ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். உப்பு கம்மி. மென்றுகொண்டே போனை எடுத்தாள். நாலாவது மணியில் கார்த்திகேசன் எடுத்தான்.

"யாரு?"

"நம்ம வீட்டு ஆளு பேசுறேன் தம்பி," என்றாள். "திங்கக்கெழம காலையில பத்து மணிக்கு வட்டார ஆபீசுக்கு வந்துடு. ஒன்னோட காப்பிய மறக்காம எடுத்துட்டு வா. ஒம்பது பேரு ஒன்னப் பாக்க வர்றாங்க."

அந்தப் பக்கம் கிளாஸ் சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தம் இல்லை.